ஒரே கடவுளும் எல்லா வழிகளும்: குமரி எல்லையில் இரண்டு பொதுமைகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மத நல்லிணக்கக் கூட்டம் என்றால் மேடைக்குப் பின்னால் கட்டும் பேனரில் கோபுரமும் சிலுவையும் பிறையும் ஒரே அளவில் இருக்கும். பேச வருகிறவர்களில் ஒருவராவது, "எல்லா ஆறும் கடலுக்குத்தான் போகிறது, எல்லா மதமும் ஒரே கடவுளிடம்தான் போகிறது" என்பார். கூட்டம் கைதட்டும். மேடையில் இருக்கும் போதகரும் ஆலிமும் (இஸ்லாமிய மார்க்க அறிஞர்) தலையசைத்துக் கேட்பார்கள். ஆனால் அந்த வாக்கியத்தைத் தம் வாயால் சொல்லத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைப் பார்த்து "இவர்களுக்கு மனசு இல்லை" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி இந்துக்கள் ஏறத்தாழ 49 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 47, முஸ்லிம்கள் 4. பக்கத்து வீட்டுக்காரர் ஏன் தயங்குகிறார் என்று புரியாமல் இங்கே காலம் தள்ள முடியாது.

அந்த ஆற்று உவமை எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்கலாம். சிவ மஹிம்ன ஸ்தோத்திரத்தில் வரும் ஒரு சுலோகம் அது. நேர்வழியில் போனாலும் கோணல்வழியில் போனாலும், ஆறுகளுக்குக் கடல்போல மனிதர்களுக்கு நீயே போய்ச்சேரும் இடம் என்று அது சிவனிடம் சொல்கிறது. 1892 டிசம்பர் கடைசியில் குமரிமுனைப் பாறையில் தியானத்தில் இருந்த விவேகானந்தர், 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோ சர்வசமயப் பேரவையில் அதைச் சொன்னபின் அது உலகப் பொதுச்சொத்து ஆகிவிட்டது. கடல் யார் என்பது அந்தச் சுலோகத்திலேயே முடிவாகிவிட்டது என்பதை மட்டும் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

அதே பேரவைக்கு அழைக்கப்பட்ட கேன்டர்பரி பேராயர் பென்சன் வர மறுத்தார். பயணத் தூரமோ வசதிக் குறைவோ அவர் சொன்ன காரணம் அல்ல. கிறிஸ்தவமே மதம் என்று நம்புகிறவர் அதைப் பல மதங்களின் அவையில் ஓர் உறுப்பினராக உட்கார வைத்தால், மற்ற உறுப்பினர்கள் சமம் என்று உட்காரும்போதே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்றார். கேட்பதற்குக் கடுமையான பதில். ஆனால் மேடையில் இடம் போடும் முறையே ஒரு இறையியல் முடிவு என்பதை அவர் சரியாகக் கண்டுகொண்டார்.

இந்தச் சிக்கலில் இரண்டு பக்கமும் பொதுமையே பேசுகிறது. வழிகள் பல, சேருமிடம் ஒன்று என்பது ஒரு பொதுமை. கடவுள் ஒருவரே, ஆகவே எல்லா மனிதரும் அவர் படைப்பு, ஆகவே அவர் சொல் எல்லாருக்கும் உரியது என்பது இன்னொரு பொதுமை. முதலாவது வழிகளைப் பொதுவாக்குகிறது, இரண்டாவது கடவுளைப் பொதுவாக்குகிறது. ஆபிரகாமிய ஒருகடவுள் கொள்கையைக் குறுகிய கொள்கை என்று சொல்பவர்கள் இந்த இரண்டாவது பொதுமையைக் காணத் தவறுகிறார்கள்.

பொய்த் தெய்வம் என்ற கருத்து வந்த விதம்

பழைய உலகில் தெய்வங்களுக்கு இடையே சண்டை மூட்டுவது கடினம். எகிப்தின் இரண்டாம் ராம்சேஸும் ஹிட்டைட் அரசன் மூன்றாம் ஹட்டுசிலியும் கி.மு. 1259 அளவில் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கையில் இரு நாட்டின் ஆயிரம் ஆயிரம் தெய்வங்கள் சாட்சி. உன் சூரியன் எங்கள் ஊரில் இன்ன பெயரில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டால் போதும், உடன்படிக்கை செல்லும். அயலான் தெய்வம் அயல் தெய்வமாக இருக்கலாம், பொய்த் தெய்வமாக இருக்க முடியாது.

நம் ஊர் நேர்ச்சையும் இந்தப் பழைய வகைதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கோட்டாறு சவேரியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி, பீமாபள்ளிக்கு ஒரு நேர்ச்சை, மண்டைக்காட்டு அம்மனுக்கு ஒரு பொங்கல் என்று நேர்ந்துகொள்கிற அம்மாவிடம் எல்லா மதமும் ஒன்றா என்று கேட்டால் விழிப்பார். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. இந்த இடத்தில் சக்தி இருக்கிறது, அந்த இடத்திலும் இருக்கிறது என்பதே அவர் கணக்கு. இதைச் சமய சமரசத்துக்கு ஆதாரமாக எழுதுகிறவர்கள் அவர் வாயில் இல்லாத தத்துவத்தை ஏற்றுகிறார்கள்.

சீனாய் மலைக் கட்டளை இந்தப் பழைய ஏற்பாட்டை முறித்தது. என்னையன்றி வேறே தேவர்கள் உனக்கு உண்டாயிருக்க வேண்டாம் என்ற கட்டளையோடு, மதத்துக்குள் மெய் பொய் என்ற பிரிவு நுழைகிறது. எகிப்தியவியல் அறிஞர் யான் அஸ்மான் இதை மோசேயின் பிரிவினை என்று அழைத்தார். விலக்கும் கொள்கையாகப் பிறந்த இதுவே, இன்னொரு பக்கத்தில் பரவும் கொள்கையும் ஆகிறது. ஊருக்கு ஒரு தெய்வம் இருந்தபோது அடுத்த ஊரானைப் பற்றி என் தெய்வத்துக்குக் கவலையில்லை. இருப்பது ஒருவர்தான் என்றால் பெலிஸ்தனும் எத்தியோப்பியனும் அவர் கணக்கில் வந்தாக வேண்டும். தீர்க்கதரிசி ஆமோஸ் இஸ்ரவேலரிடம் இதைத்தான் நேரடியாகக் கேட்கிறார்: உங்களை எகிப்திலிருந்து கொண்டுவந்தவர், பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் கொண்டுவரவில்லையா? தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்ற பெருமையை உள்ளிருந்தே உடைக்கும் கேள்வி அது.

யூதர்: சேரச் சொல்லாத பொதுமை

யூத சமயம் தன்னில் சேரும்படி யாரையும் அழைப்பதில்லை. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி யூதப் பள்ளி கொச்சி அரசரின் அரண்மனைக் கோயிலை ஒட்டியே நிற்கிறது. இருவரும் ஒருவரை ஒருவர் மாற்ற முயன்றதில்லை. இதற்குப் பின்னால் தெளிவான ஒரு சட்ட அமைப்பு இருக்கிறது. யூதருக்கு 613 கட்டளைகள். மற்ற மனிதருக்கு நோவாவின் பெயரால் ஏழே ஏழு: சிலை வணக்கம் கூடாது, தெய்வ நிந்தனை கூடாது, கொலை கூடாது, முறைகெட்ட உறவு கூடாது, திருட்டு கூடாது, உயிரோடிருக்கும் விலங்கின் உறுப்பை அறுத்துத் தின்னக் கூடாது, நீதிமன்றம் அமைக்க வேண்டும். இந்த ஏழையும் கைக்கொள்ளும் அயலாருக்கு மறுவுலகில் பங்கு உண்டு.

தாராளமான ஏற்பாடுதான். ஆனால் இந்தியரைப் பொறுத்தவரை முட்டுவது முதல் விதியில். அது எவ்வளவு தூரம் போகும் என்பதை ஆந்திர எல்லையில் நடந்த ஒன்று காட்டியது. திருத்தணி, வேலூர், சித்தூர் பக்கத்துக் குடும்பங்கள் முடி இறக்கும் திருமலையில் சேரும் முடி ஏலத்தில் விற்பனையாகி உலகெங்கும் போகிறது. அதில் ஒரு பகுதி பொய்முடியாகி, மணமானபின் தலையை மறைக்க வேண்டிய வைதிக யூதப் பெண்களின் தலையில் ஏறியது. சிலைக்குப் படைத்த பொருளால் யூதர் பயன் அடையக் கூடாது என்பது விதி. அந்த முடி படையலா இல்லையா என்ற கேள்வி எழுந்தது. லண்டனிலிருந்து ஒரு ரப்பி (யூத மதகுரு) திருப்பதிக்கே நேரில் வந்து விசாரித்துப் போனார். 2004 மே மாதம் ஜெருசலேமின் மூத்த ரப்பி எல்யாஷிவ் அந்த முடி ஆகாது என்று தீர்ப்புச் சொன்னார். புரூக்ளினிலும் இஸ்ரேலிலும் தெருவில் குவித்துப் பொய்முடிகளை எரித்தார்கள்.

வழக்கின் நுட்பம் இங்கே இருக்கிறது. முடி இறக்குவது கருவறையில் அல்ல, அதற்கென உள்ள கல்யாணகட்டா என்ற கூடத்தில்; செய்பவர் அர்ச்சகர் அல்ல, நாவிதர்; வெட்டிய முடியை யாரும் பெருமாள் முன் கொண்டுபோய் வைப்பதில்லை. தன் அகந்தையை இறக்குகிறேன் என்று பக்தர் நினைத்தால் அது படையல் ஆகாது. முடியையே பெருமாளுக்குத் தருகிறேன் என்று நினைத்தால் படையல். எதிர்த் தரப்பு ரப்பிகள் முதல் பக்கம் வாதாடினார்கள். மொட்டை போட்டுக்கொள்ளும் ஒருவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் இரண்டும்தான் என்பார். நான்கு ஆண்டு கழித்து, 2008இல், இஸ்ரேலின் தலைமை ரப்பிகளும் இந்து ஆச்சாரியர்களும் ஜெருசலேமில் கூடி, எந்த உருவத்தின் முன் நின்றாலும் இந்து வேண்டுவது ஒரே பரம்பொருளைத்தான் என்று அறிவித்தார்கள். வேதாந்தம் படித்தவருக்கு அது சரியாகப் பொருந்தும். சுடலைமாடனுக்குக் கொடை கொடுக்கும் குடும்பம் அந்த அறிவிப்பில் தன்னை அடையாளம் கண்டுகொள்ளுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒருகடவுள் கொள்கையோடு சமாதானம் பேசும்போதெல்லாம் இந்து சமயத்தின் சார்பில் பேசுவது அதன் ஒருகடவுள் பகுதி மட்டுமே. நாட்டார் தெய்வங்கள் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

கிறிஸ்தவம்: இரண்டு வசனங்களுக்கு நடுவே

கிறிஸ்தவத்தின் எல்லா விவாதமும் அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுரு சொன்ன இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே நடக்கிறது. நான்காம் அதிகாரத்தில், இயேசுவின் நாமமேயல்லாமல் இரட்சிப்புக்கு வேறொரு நாமம் இல்லை என்கிறார். பத்தாம் அதிகாரத்தில், ரோமப் படை அதிகாரி கொர்நேலியுவின் வீட்டில் நின்று, தேவன் பட்சபாதமுள்ளவரல்ல, எந்த ஜனத்திலும் அவருக்குப் பயந்து நீதி செய்கிறவன் அவருக்கு உகந்தவன் என்கிறார். முதல் வசனத்தை மட்டும் இறுக்கிப் பிடித்தால் 1442இல் ஃபிளாரன்ஸ் சங்கம் சொன்ன இடத்துக்கு வரலாம்: திருச்சபைக்கு வெளியே இருக்கும் புறச்சமயத்தாரும் யூதரும் பிளவுபட்டோரும் நித்திய நெருப்புக்குப் போவார்கள். இரண்டாவதை விரித்தால் 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வந்த இடம்: தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், மனச்சாட்சிப்படி கடவுளைத் தேடுகிறவர்களும் மீட்படைய முடியும்.

1965 அக்டோபர் 28 அன்று 2,221 ஆயர்கள் ஆதரித்தும் 88 பேர் எதிர்த்தும் வாக்களித்து நிறைவேறிய அறிக்கை, மற்ற மதங்களில் உள்ள உண்மையானவை, தூயவை எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்றது. நல்லிணக்கக் கூட்டங்களில் இந்த வரி அடிக்கடி வரும். ஆனால் அதே பத்தியில் அடுத்த வரியாக, வழியும் உண்மையும் வாழ்வுமான கிறிஸ்துவை ஓயாமல் அறிவிப்பது தன் கடமை என்றும் எழுதியிருக்கிறது. ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர், 2000ஆம் ஆண்டு வத்திக்கான் மற்ற மதங்களைச் சமமான வழிகளாகக் கொள்ள முடியாது என்று ஓர் ஆவணம் வெளியிட்டபோது ஏமாந்துபோனார். ஏமாற அதில் ஒன்றும் இல்லை. இரண்டு வரியும் முதலிலிருந்தே சேர்ந்துதான் இருந்தன.

எல்லா மதமும் சமம் என்ற நிலைக்கே போன கிறிஸ்தவச் சிந்தனையாளர் ஜான் ஹிக். கிறிஸ்தவத்தை நடுவில் வைப்பதை விட்டுவிட்டு இறைவனை நடுவில் வைத்து எல்லா மதமும் சுற்றிவரட்டும் என்றார். அதற்கான விலையையும் நேர்மையாகச் சொன்னார்: கடவுள் இயேசுவில் மனிதரானார் என்பதை உருவகமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கிறிஸ்தவரிடம் எல்லாம் ஒன்றுதானே என்று கேட்கும்போது உண்மையில் நாம் கேட்பது இதைத்தான். அவர் தயங்குவதில் வியப்பில்லை.

மதுரையிலும் பின்னர் சென்னையிலும் தென்னிந்தியத் திருச்சபையின் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகின் யானை பார்த்த குருடர் கதையை எடுத்து ஒரு கேள்வி கேட்டார். குருடர் ஆளுக்கொரு உறுப்பைத் தடவுகிறார்கள் என்று சொல்ல வேண்டுமானால், சொல்பவருக்கு முழு யானையும் தெரிந்திருக்க வேண்டுமே? பணிவாகத் தெரியும் கதை, எனக்கு மட்டும் கண் தெரியும் என்ற உரிமைகோரல் ஆகிவிடுகிறது. இந்த வாதத்துக்கு இன்றுவரை நல்ல பதில் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இடையில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். கடைசியில் கடவுள் எல்லா ஆன்மாக்களையும் மீட்டுவிடுவார் என்ற, ஆதித் திருச்சபையின் சிந்தனையாளர் ஓரிகனின் பழைய போக்கும் பொதுமை என்றே சொல்லப்படுகிறது. 553ஆம் ஆண்டை ஒட்டி அது கண்டிக்கப்பட்டது. அது எல்லாரும் கிறிஸ்துவின் வழியாகவே மீள்வார்கள் என்ற கொள்கை. எல்லா வழியும் சரி என்பதோடு அதற்கு உறவில்லை.

இஸ்லாம்: தூதர் இல்லாத சமூகம் இல்லை

இஸ்லாத்தின் பொதுமை தூதர்களின் வரிசையில் இருக்கிறது. ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தூதர் உண்டு (குர்ஆன் 10:47). அவர்களில் சிலரைப் பற்றி உமக்குச் சொன்னோம், சிலரைப் பற்றிச் சொல்லவில்லை (40:78). அப்படியானால் தமிழ் மண்ணுக்கும் பெயர் சொல்லப்படாத ஒரு தூதர் வந்திருக்கலாம் என்று நினைக்க ஒரு முஸ்லிமுக்கு இடமுண்டு. யூதர், கிறிஸ்தவர், சாபியீன்கள் என்ற பழைய சமயத்தார் ஆகியோரில் அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்பி நற்செயல் செய்வோருக்குக் கூலி உண்டு என்கிறது 2:62. உங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு நெறிமுறையைத் தந்தோம், அல்லாஹ் நாடியிருந்தால் எல்லாரையும் ஒரே சமுதாயமாக ஆக்கியிருப்பான், ஆகவே நன்மைகளில் முந்திக்கொள்ளுங்கள் என்கிறது 5:48. இவற்றோடு, இஸ்லாம் அல்லாத நெறியைத் தேடுபவரிடமிருந்து அது ஏற்கப்படாது என்ற 3:85உம், இணைவைத்தல் மன்னிக்கப்படாது என்ற 4:48உம் நிற்கின்றன. இறுதித் தூதருக்குப்பின் 2:62 எப்படிப் பொருந்தும் என்பதில் உரையாசிரியர்கள் பிரிகிறார்கள். தூதரைப் பற்றிக் கேள்விப்படாதவருக்கும், திரித்துச் சொல்லப்பட்ட செய்தி மட்டுமே எட்டியவருக்கும் இறைவனின் கருணை உண்டு என்று 1111இல் மறைந்த கஸ்ஸாலி எழுதினார். மேடையில் பேசுகிறவர்கள் எடுத்துச் சொல்லாத இன்னொரு வசனம் 6:108: அல்லாஹ்வையன்றி அவர்கள் அழைப்பவற்றை ஏசாதீர்கள். அடுத்தவர் தெய்வத்தை மெய் என்று ஒப்புக்கொள்ளாமலே அதற்கு மரியாதை காக்கச் சொல்லும் கட்டளை இது. பக்கத்து வீட்டாரோடு வாழ இதுவே போதுமானது.

தக்கலையில் அடங்கியிருக்கும் பதினேழாம் நூற்றாண்டுச் சூஃபிக் கவிஞர் பீர் முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் இரவெல்லாம் ஓதுகிறார்கள். அவர் பாடல்களில் சித்தர்களின் மொழியும் யோகத்தின் சொற்களும் தாராளமாக வரும். அதைக் கேட்டுவிட்டு, பார் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்வது அவசரம். சித்தர் மொழியில் அவர் சொல்வது தவ்ஹீதை, அதாவது இறைவன் ஒருவனே என்ற கொள்கையை: இறைவனைத் தவிர மெய்யாக இருப்பது எதுவுமில்லை. எல்லாத் தெய்வமும் இறைவன் என்பது வேறு கூற்று. சொல்வளம் பொதுவாக இருக்கலாம், சாட்சிமொழி அவருடையது.

நம் வீட்டு ஏணி

ஆபிரகாமிய மதங்கள் மட்டும்தான் தம்மை உச்சியில் வைக்கின்றன என்று நினைப்பவர்கள் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரைத் திறந்து பார்க்கலாம். "யாதொரு தெய்வங் கொண்டீர் அத்தெய்வமாகி யாங்கே மாதொரு பாகனார்தாம் வருவர்" என்ற வரி எத்தனையோ சமரச மேடைகளில் முழங்கியிருக்கிறது. அதே பாட்டு அடுத்த அடியில் என்ன சொல்கிறது? மற்ற அந்தத் தெய்வங்கள் வேதனைப்படும், இறக்கும், பிறக்கும், மேல்வினையும் செய்யும். இவை இல்லாத சிவனே அறிந்து அருள் செய்வான். நீ எதைக் கும்பிட்டாலும் பலன் தருவது என் கடவுள்தான் என்கிறது பாட்டு. சைவ சித்தாந்தம் சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என்று படிப்படியாக அடுக்கி மேலே சித்தாந்தத்தை வைக்கிறது. கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் வேறு தேவதைகளை வணங்குவோரும் விதிமுறை தவறி என்னையே வணங்குகிறார்கள் என்று கண்ணன் சொல்வதும் இதே அமைப்பு. ஜெர்மானிய இறையியலாளர் கார்ல் ரானர், நல்ல இந்துவைப் பெயரில்லாக் கிறிஸ்தவர் என்று சொன்னதற்கும் இதற்கும் வடிவத்தில் வித்தியாசம் இல்லை. உலகத்தையே அரவணைக்கும் ஒவ்வொரு கொள்கையும் ஓர் ஏணி வைத்திருக்கிறது. மேல்படியில் யார் என்பது மட்டும் மாறுகிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தன் ஏணியை மறைத்துக்கொண்டு அடுத்தவன் ஏணியை மட்டும் சுட்டுவதுதான் பேச்சைக் கெடுக்கிறது.

திருவிதாங்கூரில் பொதுமை வந்த வழி

கொள்கையளவில் பேசினால் இவ்வளவுதான். ஆனால் இந்த எல்லை நாட்டில் ஒருகடவுள் கொள்கை புத்தகமாக மட்டும் வரவில்லை. 1806இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்கு வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. ஒரே பிதாவின் பிள்ளைகள் என்ற வசனத்தைக் கேட்டவர்கள், மார்பை மறைக்கவே உரிமை மறுக்கப்பட்ட குடும்பத்துப் பெண்கள். அவர்கள் அதை வானத்தைப் பற்றிய செய்தியாகக் கேட்கவில்லை. தோள்சீலைக் கலகம் பல பத்தாண்டு நீண்டு, 1859 ஜூலை 26இல் அரசர் அறிவிப்பு வந்தபோதும், மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. எல்லாச் சமயமும் ஒன்று என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த ஊரில் எல்லா மனிதரும் ஒன்று என்று சொல்ல ஆள் இல்லாமல் போனது. இந்த வேறுபாட்டை நேர்மையாக ஏற்காமல் மதமாற்றத்தைப் பற்றி இங்கே யாரும் பேசக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு அய்யாவழியின் தலைமைப்பதியான சாமித்தோப்பு தந்த பதில் தனித்தன்மை உடையது. 1833இல் வைகுண்டராக வெளிப்பட்ட முத்துக்குட்டி, முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியையும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்க வைத்தார். ஆண்களைத் தலைப்பாகை கட்டி உள்ளே வரச் சொன்னார். சிலைக்குப் பதில் கண்ணாடியும் விளக்கும் வைத்தார். ஒருகடவுள் கொள்கையின் சமத்துவக் கூறு முழுவதும் இருக்கிறது, மிஷன் இல்லை. லண்டன் மிஷன் அறிக்கைகள் முத்துக்குட்டி கூட்டத்தைத் தங்கள் பணிக்குத் தடை என்றே பதிவு செய்தன. 1841இல் எழுதப்பட்ட, அய்யாவழியின் வேதநூலான அகிலத்திரட்டும் பதிலுக்கு, உலகமெல்லாம் தொப்பி போடச் சொல்லும் வேதத்தையும் சிலுவை போடச் சொல்லும் வேதத்தையும் குறை சொல்கிறது. உலகம் முழுவதையும் ஒரே அடையாளத்துக்குள் அடக்கும் பொதுமை அவர்களுக்குச் சுமையாகவே தெரிந்திருக்கிறது.

மருத்துவாமலைக் குகையில் தவம் இருந்த நாராயண குரு இன்னும் ஒரு படி நுணுக்கமாகப் போனார். ஒரு ஜாதி, ஒரு மதம், ஒரு தெய்வம் மனிதனுக்கு என்ற அவர் வாக்கியத்தை ஒருகடவுள் கொள்கைக்காரரும் ஏற்கலாம், வேதாந்தியும் ஏற்கலாம். அதனால்தான் எல்லாரும் அதைத் தம் பக்கம் இழுக்கிறார்கள். 1924 மார்ச் 3, 4 தேதிகளில் ஆலுவாயில் அவர் கூட்டிய சர்வமத மாநாட்டுக்குச் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த சதாசிவ ஐயர் தலைமை. வாதிக்கவும் ஜெயிக்கவும் அல்ல, அறியவும் அறிவிக்கவும் என்று வாசலில் எழுதி வைத்தார்கள். எல்லாம் ஒன்று என்று அங்கே எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அன்றைக்குக் கேரளத்தின் ஈழவர் சாதியாரிடையே கூட்டமாக மதம் மாறலாமா என்ற விவாதம் சூடாக இருந்தது; அறிந்தபின் முடிவெடுங்கள் என்று ஒரு தளம் கிடைத்தது. ஒரு மதத்தை எதிர்த்துப் போரிட்டு அழிக்க முடியாது, போரிட்டால் அது ஒடுங்காது என்று ஆத்மோபதேச சதகத்தில் எழுதியவர் அவர். அனுகம்பா தசகத்தில் ஏசுவைப் பரமேசனின் பவித்திர புத்திரனோ என்றும், முகம்மதுவைக் கருணை மிக்க நபி முத்துரத்தினமோ என்றும் பாடுகிறார். அந்த ஓகாரம் தற்செயலாக வந்ததல்ல. கேள்வியாகவே விட்டதால் கிறிஸ்தவரின் நம்பிக்கையைக் குறைக்கவும் இல்லை, தம் நம்பிக்கையாக ஏற்றுக்கொண்டதாகச் சொல்லவும் இல்லை.

நடைமுறையில் எங்கே முட்டுகிறது

கோயில் கொடை முடிந்து பிரசாதம் கொடுக்கும்போது பக்கத்து வீட்டார் வாங்க மறுத்தால் அவமதிப்பாகத் தோன்றுகிறது. விதி இதுதான்: பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் பத்தாம் அதிகாரத்தில், கடையில் விற்கும் எதையும் ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடுங்கள், ஆனால் இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொல்லிவிட்டால் சாப்பிடாதீர்கள் என்கிறார். குர்ஆன் 2:173 அல்லாஹ் அல்லாதவர் பெயரால் அறுக்கப்பட்டதை விலக்குகிறது; படையல் உணவு முழுவதற்கும் இதை விரித்துப் பிடிப்பவரும் உண்டு. ஆகவே சிக்கல் உணவில் இல்லை, சாதியிலும் இல்லை, படைத்ததில் இருக்கிறது. நோன்புக் கஞ்சியும் கிறிஸ்துமஸ் கேக்கும் தெரு முழுக்கத் தடையில்லாமல் போவதன் காரணமும் இதுவே: அவை எந்தப் பீடத்துக்கும் போய் வருவதில்லை. படையல் போடும் முன்பே எடுத்துவைத்த பங்கை, அதைச் சொல்லியே கொடுத்தால் பெரும்பாலான வீடுகளில் வாங்கிக்கொள்வார்கள். சபைக்குச் சபை இறுக்கம் மாறும். கத்தோலிக்கரிடம் குறைவு, பெந்தேகோஸ்தேயினரிடம் அதிகம். திருப்பியும் இதே பிரச்சினை உண்டு. கோட்டாறு திருவிழாவுக்கு வரும் இந்துக்கள் பலிபூசையில் நற்கருணை வாங்க வரிசையில் நின்றால் கொடுக்க மாட்டார்கள். அது திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கருக்கு உரியது. வாசலிலேயே இதைப் பணிவாக அறிவித்துவிட்டால் வரிசையில் வைத்துத் திருப்பி அனுப்பும் கசப்பு வராது.

எருமேலி இன்னொரு வகைத் தீர்வு. சபரிமலைக்குப் போகும் தமிழ்நாட்டுச் சாமிமார்கள் பேட்டை துள்ளும்போது (ஆடிப்பாடி ஊர்வலம் போகும்போது) வாவர் பள்ளிவாசலை வலம் வந்து காணிக்கை போடுகிறார்கள். தொழுகைக் கூடத்துக்குள் அவர்கள் போவதில்லை. பள்ளியில் சிலை இல்லை, தொழுகை முறை மாறுவதில்லை. ஐயப்பன் கடவுள் என்று ஜமாஅத் ஒப்புக்கொள்ளவில்லை, ஒப்புக்கொள்ளும்படி பக்தர்கள் கேட்கவும் இல்லை. கொள்கையில் ஓர் அங்குலம்கூட நெருங்காத இருவர் ஒரே வளாகத்தில் நெருங்கி நிற்க முடிகிறது. கி.பி. 849இல் வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வட்டெழுத்தில் கொடுத்த செப்பேட்டிலும் இதே அமைப்பு: தானம் கிறிஸ்தவப் பள்ளிக்கு, சாட்சிக் கையெழுத்து அரபியிலும் பாரசீக பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும். நாலு சமயத்தார் ஒரே ஏட்டில் ஒப்பமிட, அவர்கள் எதையும் ஒன்று என்று அறிவிக்க வேண்டியிருக்கவில்லை.

கூட்டுப் பிரார்த்தனைதான் அடிக்கடி சறுக்கும் இடம். பள்ளி ஆண்டுவிழாவிலோ விபத்தில் இறந்தோருக்கான அஞ்சலியிலோ மூன்று மதத்துக்கும் பொதுவாக ஒரு பாட்டு எழுதிப் பாடச் சொல்வார்கள். அப்படி எழுதும் பாட்டில் ஒருவர் கடவுள் இன்னொருவர் கடவுளின் வடிவமாக வந்துவிடும். முஸ்லிம் பிள்ளை உதடு அசைக்காமல் நிற்கும், ஆசிரியர் கோபப்படுவார். 1986 அக்டோபர் 27 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இத்தாலியின் அசிசியில் சமயத் தலைவர்களைக் கூட்டியபோது கையாண்ட முறை இதற்கு உதவும். சேர்ந்து ஜெபிக்க வரவில்லை, ஜெபிக்கச் சேர்ந்து வந்திருக்கிறோம் என்று வகுத்தார்கள். ஒவ்வொரு சமயத்தாருக்கும் தனி இடம் ஒதுக்கி அங்கே அவரவர் முறையில் வேண்டினார்கள். பின்னர் ஒரே முற்றத்தில் கூடி ஒருவர்பின் ஒருவராகச் சொல்ல மற்றவர் அமைதியாகக் கேட்டார்கள். ஊர்க் கூட்டத்துக்கு இதைச் சுருக்கினால், ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம், அவரவர் வேதத்திலிருந்து அவரவர் குரலில், மற்றவர் ஆமென் சொல்லவோ கைகூப்பவோ கட்டாயம் இல்லை என்று தொடக்கத்திலேயே அறிவிப்பு, பிறகு எல்லாருக்கும் சேர்த்து ஒரு நிமிட மௌனம். பேனரிலும் நதிகளைப் பற்றிய வரி வேண்டாம். நிகழ்ச்சியின் பெயரும் தேதியும் இடமும் இருந்தால் போதும்.